வட்டத்துக்குள் யாரும் இல்லை

பச்சை நிறத்தைப் பார்த்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. இலையின் பச்சையைச் சொல்லவில்லை. கணினித் திரையில் ஒரு நிலத்தின் மேல் பூசப்படும் வெளிறிய பச்சையைச் சொல்கிறேன். ‘இங்கே பிரச்சினை ஏதும் இல்லை’ என்பது அதன் பொருள். அந்தப் பச்சையைப் பூச நான் பணம் கட்டாமல், மூன்று வேளை பலகாரத்தோடு கற்றுக்கொண்டேன்.

தம்போயில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே கார் பட்டறை. காலையில் படியேறும்போதே கழிவு எண்ணெய் நாற்றமும் கூடவே ஏறி வரும். மேலே ‘சுற்றுச்சூழல் ஆலோசகர்கள்’ என்று பலகை தொங்கும். யாராவது ஓர் ஆலை கட்ட நினைத்தால், அதனால் காற்றும் தண்ணீரும் என்ன ஆகும் என்று அறிக்கை எழுதி அரசாங்கத்திடம் கொடுப்பது எங்கள் வேலை. எங்களுக்குக் காசு கொடுப்பவர் ஆலைக்காரர். ஆகவே காற்றுக்கும் தண்ணீருக்கும் ஒன்றும் ஆகாது என்பது எழுத ஆரம்பிக்கும் முன்பே எல்லாருக்கும் தெரியும். நான் அந்த அறிக்கைகளைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, அட்டை போட அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் சிங்கப்பூர் வேலை கிடைத்துப் பாலம் தாண்டிப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் எங்கள் ஆள்தான். தோட்டத்தில் பிறந்து, லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவர். மேடையில் மைக் கிடைத்தால் மட்டும் அதைச் சொல்வார்.

“நீதான் கம்ப்யூட்டர்ல கை வேகமாச்சே. போய் ஜிஐஎஸ், அதான் மேப் போடுற சாப்ட்வேர், கத்துக்கிட்டு வா. வெளியில ஆள் தேடுனா சம்பளம் வானத்துக்குக் கேக்குறானுங்க” என்றார்.

“எனக்குப் பூகோளமே வராது பாஸ்.”

“பூகோளம் யாருக்கு வேணும்? கலர் அடிக்கத் தெரிஞ்சா போதும் லா.”

அவர் விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்துச் சிரித்தேன்.

ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் அறையில் பயிற்சி. பழைய கம்பளத்தின் முடை நாற்றமும் குளிர்சாதனக் காற்றும் கலந்து அடித்தன. சொல்லிக்கொடுத்தவர் பாத்தேக் சட்டை போட்ட மலாய்க்காரர், நல்ல ஆசிரியர். தேநீர் இடைவேளையில் தட்டிலிருந்த லாப்பிஸ் பலகாரத்தை எடுத்து, சிவப்பு, வெள்ளை, பச்சை என்று ஒவ்வோர் அடுக்காக உரித்துக் காட்டினார். வரைபடமும் இப்படித்தானாம். ஆறு ஓர் அடுக்கு, சாலை ஓர் அடுக்கு, வீடுகள் ஓர் அடுக்கு. ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஊர். உரித்த அடுக்கையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டே அவர் பேசினார்.

எங்கள் மாநிலத்துப் பழைய அளவைகள் ஒரு கணக்கில் இருக்கும், நாட்டுக்கான அளவைகள் வேறு கணக்கில் இருக்கும். இரண்டையும் மாற்றாமல் ஒன்றாகப் போட்டால் இடம் தவறிவிடும். நான் போட்ட முதல் படத்தில் குளுவாங் பக்கத்துக் கோழிப்பண்ணைகள் எல்லாம் கடலில் மிதந்தன. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கணக்கைத் திருத்தி ஒரு பொத்தானை அழுத்தியதும் பண்ணைகள் கடலைவிட்டுக் கிளம்பி அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சாலையை, சாக்கடையை, தொழுகை நடக்கும் சுராவை, கோயிலை அடுக்கடுக்காகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடைசி நாள் வட்டம் போடக் கற்றுக்கொடுத்தார். ஆலையை ஒரு புள்ளியாக வைத்து, விதிமுறை சொல்லும் தூரத்துக்குச் சுற்றிலும் ஒரு வட்டம். அதற்குள் வீடுகள் இருந்தால் சிவப்பு. இல்லாவிட்டால் பச்சை. வீடுகளில் இருக்கும் மனிதர்களுக்கு அறிக்கைகளில் ‘ரிசெப்டர்’ என்று பெயர். தமிழில் சொன்னால், வாங்கிக்கொள்பவர். நாற்றத்தை, புகையை, தூசியை வாங்கிக்கொள்பவர். அதுவரை அந்தச் சொல்லை எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். திரையில் பெரிதாகப் பார்த்தபோதுதான் சீ என்று இருந்தது.

நான் போட வேண்டிய முதல் உண்மையான படம் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வரவிருந்த உர ஆலைக்கு. வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளின் கழிவையெல்லாம் லாரியில் கொண்டுவந்து கொட்டி, உலர்த்தி, மூட்டை கட்டும் ஆலை. அறிக்கையில் அதற்கு ‘கரிம மூலப்பொருள்’ என்று பெயர். என் அத்தை அதைக் கோழிப்பீ என்பார். அத்தை சொல்வதுதான் சரி.

அத்தை, அப்பாவின் தங்கை, அந்தத் தோட்டத்து லயத்தில்தான் இருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே வீடு. மாமா இறந்த பிறகும் உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை இருந்ததால் கம்பெனி அவரை இருக்கவிட்டது. பக்கத்தில் சில தமிழ்க் குடும்பங்கள், சில இந்தோனேசியக் குடும்பங்கள். ஆலை வரப்போகும் இடம் அவர் வீட்டு வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். அந்த வீடுகள் படத்தில் இருந்தால் ஆலை வராது. இல்லாவிட்டால் வந்துவிடும். விஷயம் அவ்வளவுதான்.

முதலாளியோடு இடம் பார்க்கப் போனேன். மண்சாலையில் திரும்பியதுமே நாற்றம் கண்ணாடி ஏற்றிய காடிக்குள்ளும் நுழைந்தது. ஏற்கெனவே சுற்றிலும் பண்ணைகள். அழுகிய முட்டையும் நனைந்த கோழி இறகும் மூத்திரமும் சேர்ந்த நாற்றம், தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. கைப்பையில் எப்போதும் அசாம்போய் வைத்திருப்பேன், உப்பும் புளிப்புமாக இருக்கும் காய்ந்த பிளம். ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன்.

“என்னா, வாந்தியா? மசக்கையா?” என்று முதலாளி கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எஞ்சினை நிறுத்தாமல் காடிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். “நீ போய் போட்டோ எடுத்துக்கிட்டு வா. எனக்கு சைனஸ்.”

அத்தை வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். “வாம்மா, சரியான நேரத்துக்கு வந்த” என்று சொல்லிக்கொண்டே, தரையில் கட்டியிருந்த கொசுவலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். எனக்கு முதலில் புரியவில்லை. உள்ளே சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் தட்டுகளும் இருந்தன.

“சீக்கிரம் வா, ஈ நுழைஞ்சிரும்.”

உள்ளே குனிந்து உட்கார்ந்தேன். பட்டப்பகலில், கொசுவலைக்குள், முழங்காலோடு முழங்கால் இடிக்கச் சாப்பிட்டோம். வலைக்கு வெளியே ஈக்கள் கறுப்பாக அப்பியிருந்தன. அத்தை குழம்பு ஊற்றினார். வலையில் எங்கள் கை பட்டபோதெல்லாம் அவை எழும்பி மறுபடி உட்கார்ந்தன. அந்த லயத்தில் எல்லா வீடுகளிலும் இப்படித்தான் சாப்பிடுகிறார்களாம். இந்தோனேசியக்காரர்கள் வீட்டிலும் அப்படியே.

“எப்படி அத்த இருக்கீங்க இதுல?”

“பழகிப்போச்சு” என்றார். “மழ பேஞ்சா கொஞ்சம் கூட இருக்கும். நீ சாப்புடு.”

நாற்றத்தைவிட அந்தப் ‘பழகிப்போச்சு’தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆலை வந்தால் வட்டாரத்துக் கழிவு முழுவதும் இங்கே வரும் என்று சொன்னேன். அத்தை கையிலிருந்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்தார். “இதுக்கு மேலயா?” என்றார். அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் ஆலைக்காரர்கள் அனுப்பிய ‘அருகில் வசிப்போர்’ விவரத்தைக் கணினியில் ஏற்றினேன். முகவரியைக் கொடுத்தால் மென்பொருளே அதற்குரிய இடத்தில் புள்ளி வைத்துவிடும். வைத்தது. தோட்டத்து மக்கள் அத்தனை பேரும் சிம்பாங் ரெங்கம் கடைத்தெருவில், ஒரே ஒரு புள்ளியில், ஒருவர் தலைமேல் ஒருவராக நின்றார்கள். வட்டத்துக்குள் யாரும் இல்லை.

அது என்ன இடம் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மளிகைக் கடை. தபால்காரர் தோட்டத்துக்குள் போகமாட்டார். நாய், சேறு, தூரம், ஏதோ ஒரு காரணம். அதனால் தோட்டத்தில் இருப்பவர்கள் எல்லாருமே முகவரி கேட்டால் அந்தக் கடையின் முகவரியைத்தான் கொடுப்பார்கள். அடையாள அட்டையிலும் அதுதான், கிளினிக்கிலும் அதுதான், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் அதுதான். கடைக்காரர் கடிதங்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். மாதச் சாமான் வாங்கப் போகும்போது எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகூட அத்தைக்கு அந்தக் கடைக்குத்தான் போனது. ஆலைக்காரர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

துணைக்கோள் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். செம்பனை மரங்களின் நடுவே துருப்பிடித்த தகரக் கூரைகள் தெளிவாகத் தெரிந்தன. மூலை மூலையாகச் சொடுக்கி ஒவ்வொரு கூரையாக வரைந்தேன். அத்தை வீட்டுக்குப் பின்னால் தகரம் இறக்கிக் கட்டிய அடுப்படியை விடாமல் வரைந்தேன். முனீஸ்வரன் கோயிலை வரைந்தேன். அந்த அடுக்குக்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன். கற்றுக்கொண்டதில் எனக்குப் பெருமை வந்தது அன்று ஒருநாள்தான்.

முதலாளி வந்து பார்த்தார். “இத யாரு போடச் சொன்னது?”

“வீடு இருக்கே பாஸ். நீங்களே பாத்தீங்களே.”

“நான் என்னாத்தப் பாத்தேன்? காடியில இருந்தேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயில் கறிபாப்புப் பலகாரத்தின் வாசம் அடித்தது. “அந்த நெலத்துப் பத்திரம், கிராண்ட்ல என்னா போட்டிருக்கு? விவசாயம். விவசாய நெலத்துல வீடு எப்படி வரும்? யாராச்சும் எங்க வீடுன்னு பட்டா காட்டுவாங்களா? அட்ரஸ் கேட்டா அவங்களே டவுன்லதான் இருக்கோம்னு சொல்றாங்க. நம்ம என்னா பொய்யா எழுதுறோம்?”

பிறகு என் கையிலிருந்து மௌஸை வாங்கி, வீடுகள் என்ற அடுக்குக்குப் பக்கத்திலிருந்த சிறிய டிக்கை ஒரு சொடுக்கில் எடுத்துவிட்டார். கூரைகள், கோயில், அடுப்படி எல்லாம் போய்விட்டன. வட்டம் முழுக்கப் பச்சை.

“அழிக்கல, பயப்படாத. மறைச்சுதான் வச்சிருக்கேன்” என்றார். மௌஸில் அவர் விரலின் எண்ணெய் பிசுபிசுத்தது. அவர் போன பிறகு காகிதத்தால் துடைத்துக்கொண்டே இருந்தேன். போனதாகத் தோன்றவில்லை.

அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்பது சட்டம். மாவட்டத்தில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். நான் அத்தைக்கு ஃபோன் செய்து, லயத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் வரச் சொன்னேன். அத்தை கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, பௌடர் பூசிக்கொண்டு, நாலைந்து பெண்களோடு வேன் பிடித்து வந்தார். படத்தின் முன்னால் நின்று எல்லாரும் அவரவர் வீட்டைத் தேடினார்கள்.

விசாரிக்க வந்திருந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். அத்தையிடம் வந்து, “ஆன்ட்டி டூடோக் மானா?” என்று கேட்டார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்ற ஒரே கேள்விதான். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வரவழைத்தேன்.

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பெரிய அதிகாரி முன்னால் நிற்கும் மரியாதையோடு, கடை எண், தெரு, ஊர் என்று மளிகைக் கடையின் முகவரியைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தார். பக்கத்திலிருந்த பெண்களும் தலையாட்டினார்கள்.

அதிகாரி கடைத்தெருவில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு ஆலையைப் பார்த்தார். “ஜாவு, ஆன்ட்டி” என்றார். தூரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதலாகத் தோளைத் தட்டினார். என் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு புன்னகைத்தார். அந்தப் புன்னகையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அத்தை மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆயுசு முழுக்க இருந்த வீட்டைச் சொல்ல அவருக்கு ஏன் வாய் வரவில்லை?

எங்கள் வரைபடத்தைத் திறந்து வைத்த மடிக்கணினி மேசைமேல்தான் இருந்தது. பெரிய திரையோடு இணைத்திருந்தார்கள். நான் போய், முதலாளி எடுத்த அந்த டிக்கைத் திரும்ப வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். பச்சையின் நடுவே சிவப்புக் கூரைகள் வரிசையாக வந்து நின்றன.

“அலமாக்!” என்றார் அதிகாரி, ஐயையோ என்பதுபோல.

அத்தை திரைக்குக் கிட்டே போனார். “இது நம்ம அடுப்படிதானே?” என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். பிறகு அதிகாரியிடம், “ரூமா சாயா” என்றார். என் வீடு. மற்ற பெண்களும் நெருங்கிவந்து, இது என் வீடு, அது அவள் வீடு, இதோ கோயில் என்று விரல் வைத்துக் காட்ட ஆரம்பித்தார்கள். அப்படியென்றால் ஏன் கடை முகவரியைச் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்டார். “கடிதம் அங்கதானே வரும்” என்று அத்தை மலாயில் சாதாரணமாகச் சொன்னார். அவர் கேட்டது அதுவென்று நினைத்தாராம்.

வீடு என்று ஒன்று தெரிந்துவிட்ட பிறகு வந்தவரைச் சாப்பிடக் கூப்பிடாமல் இருக்க அத்தைக்கு வராது. “மாரி மாக்கான், புவான்” என்றார். அதிகாரி அப்போதே லயத்துக்கு வந்தார். எங்கள் முதலாளியும் வரவேண்டியதாயிற்று. காடியில் உட்கார இந்தமுறை வழியில்லை.

அத்தை கொசுவலையைத் தூக்கிப் பிடித்தார். அதிகாரி ஒரு நொடி நின்றார், பிறகு தலைத்துணியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார். முதலாளி வெளியே நின்றார். வாயைத் திறந்தால் ஈ உள்ளே போய்விடும் என்பதால் அவரால் பேசக்கூட முடியவில்லை. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் குளிர்ந்தது. அதிகாரி சோற்றையும் ரசத்தையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. வட்டத்துக்குள் இந்த வீடுகள் இருக்கும்வரை ஆலைக்கு அனுமதி கிடையாது என்று முதலாளியிடம் அழுத்தமாகச் சொன்னார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அதிகாரி சொன்ன ‘இருக்கும்வரை’ என்ற வார்த்தையை முதலாளி எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டார் என்பதை நான் கவனிக்கவில்லை.

என்னை வேலையைவிட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. “பரவால்ல லா, நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்க” என்று முதுகில் தட்டினார். சில மாதம் அந்த ஆலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆலைக்கு நிலம் கொடுத்ததே தோட்டத்துக் கம்பெனிதான். லயத்து வீடுகள் பழசாகிவிட்டன, கூரை விழுந்தால் ஆபத்து என்று ஒருநாள் திடீரென அவர்களுக்கு அக்கறை வந்துவிட்டது. வேலையில் இருந்தவர்களை வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள். வயதானவர்களைப் பிள்ளைகளிடம் போகச் சொன்னார்கள். சாமான் ஏற்ற லாரியைக்கூட அவர்களே அனுப்பினார்கள். அத்தை உலு திராமில் மகன் வீட்டுக்குப் போனார். அடுக்குமாடி, நாலாவது மாடி. முனீஸ்வரனை எங்கே கொண்டுபோனார்கள் என்று அத்தைக்கே தெரியவில்லை.

முதலாளி புதிய துணைக்கோள் படத்தை என் திரையில் திறந்து வைத்தார். “நீயே போடு. ஒனக்குத்தான் அந்த எடம் நல்லாத் தெரியும்” என்றார். கூரைகள் இருந்த இடத்தில் செம்மண் திட்டு. அதில் புல்டோசர் தடங்கள். இருக்கிறதை வரைவதுதான் என் வேலை, இல்லாததை எப்படி வைத்திருப்பது? ஒவ்வொரு கூரையாக அழித்தேன். இந்தமுறை யாரும் எதையும் மறைக்கவில்லை. அடுப்படியை அழித்ததும் வட்டம் தானாகப் பச்சைக்கு மாறியது.

“இப்பப் பாரு, எவ்வளோ சுத்தமா இருக்கு” என்றார் முதலாளி. “இதுல ஒரு பொய் இருக்கா, சொல்லு?”

இல்லை. அந்தப் படத்தில் ஒரு பொய்யும் இல்லை. குளிர்சாதன அறை, நாற்றம் என்று ஏதும் கிடையாது. கைப்பையில் அசாம்போய் தேடினேன். எடுத்து வாயில் போடும் முன்பே கழிப்பறைக்கு ஓடவேண்டியதாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்க உலு திராம் போனேன். மகனுக்கும் மருமகளுக்கும் அன்றும் வேலை, போயிருந்தார்கள். “பசியாறியாச்சா? இரு, சோறே ஆயிருச்சு” என்றார். நான் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், கூடத்தின் நடுவே, பளபளக்கும் டைல்ஸ் தரையில், அந்தக் கொசுவலையைக் கட்டியிருந்தார். ஒரு முனை ஜன்னல் கம்பியில், ஒரு முனை டிவி மேசையில்.

“இங்கதான் ஈ இல்லையே, அத்த.”

“இல்லாட்டி என்ன? வெளியில ஒக்காந்தா சாப்புட்ட மாதிரியே இல்ல. நீ உள்ள வா.”

குனிந்து உள்ளே போனேன். பழையபடி முழங்காலோடு முழங்கால் இடித்தது. அத்தை குழம்பு ஊற்றிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“வீட்டதான் ஒடச்சிட்டானுங்க. பரவால்ல. நீ போட்ட அந்தப் படத்துல நம்ம வீடு செவப்பா இருக்குமே, அத பத்திரமா வச்சிருக்கல்ல?”

வலைக்கு வெளியே ஒரு ஈகூட இல்லை. அந்தக் கூரைகளை அழித்த கையாலேயே சோற்றைப் பிசைந்தேன்.